கோலாலம்பூரோட 11 ஒய்.பி.ங்களுக்கு (நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு): பழைய லோங்காங்குக்குன்னு (வடிகாலுக்குன்னு) ஒரு தனிக் கணக்கு வேணும்

மதிப்புக்குரிய ஒய்.பி.ங்களுக்கு வணக்கம்.

எங்க வீட்டுக்கு வெள்ளத் தண்ணி வர்றதுக்கு முன்னாடி கரப்பான்தான் வரும். பின்பக்க லோங்காங் நிரம்ப ஆரம்பிச்சா அதுக்குள்ள இருக்கற கரப்பான் எல்லாம் பாத்ரூம் ஓட்டை வழியா ஏறி வந்து சுவத்துல ஒட்டிக்கும், அதைப் பாத்த உடனே என் வீட்டுக்காரம்மா அரிசி டப்பாவைத் தூக்கி மேசை மேல வச்சிருவாங்க, அடுத்த பத்து பதினஞ்சு நிமிஷத்துல அதே ஓட்டையில இருந்து கறுப்புத் தண்ணி குமிழ் விட்டு மேல வரும். வாசல்ல பாத்தா தண்ணி இருக்காது, முன்னாடி ரோட்டுல காடியெல்லாம் சாதாரணமா போயிட்டு இருக்கும், ஆனா எங்க அடுப்படியில கணுக்கால் வரைக்கும் நிக்கும். வெளிய இருந்து வர்ற வெள்ளத்துக்கு மண் மூட்டை அடுக்கலாம், தரைக்கு அடியில இருந்து வர்றதுக்கு என்னத்தை அடுக்கறது சொல்லுங்க.

நான் இருக்கறது செந்தூல். எங்கப்பா ரயில்வே பட்டறையில வேலை செஞ்சவர், அவர் ரிட்டயர் ஆகி வாங்கின பழைய டெரஸ் வீடு இது. ஃபிரிட்ஜ் வருஷம் பூரா நாலு செங்கல் மேலதான் நிக்குது. பிள்ளைங்களோட பிறப்புப் பத்திரம், வீட்டு கிராண்ட் (பட்டா), பேங்க் புக்கு எல்லாம் ஒரு மைலோ டின்ல போட்டு அலமாரி உச்சியில இருக்கு. இது எங்க வீட்டுல மட்டும் இல்ல, பக்கத்து வீட்டு மாக்சிக், அதாவது மலாய்க்கார அம்மா, அவங்களுக்கும் அப்படித்தான், எதிர்ல இருக்கற சீன அங்கிள் மோட்டார் பம்பு ஒண்ணு சொந்தக் காசுல வாங்கி வச்சிருக்காரு. பதினஞ்சு வருஷமா இப்படியே பழகிட்டோம். பழகிட்டோம்ங்கறதுதான் எனக்கு இப்ப ரொம்ப பயமா இருக்கு, அதனாலதான் இந்த மடலை எழுதறேன்.

ஏன் மேயருக்கு எழுதாம உங்களுக்கு எழுதறேன்னு கேப்பீங்க. இந்த ஊர்ல எங்களுக்கு சட்டமன்றம் கிடையாது, கவுன்சிலர் கிடையாது, மேயர் நியமனம். நகராட்சித் தேர்தல் நின்னு 60 வருஷத்துக்கு மேல ஆச்சு. கூட்டரசுப் பிரதேசத்துல இருக்கறவன் ஓட்டுப் போட்டு கேள்வி கேக்கற ஒரே ஆளு ஒய்.பி.தான், நாடாளுமன்றத்துல பட்ஜெட்டுக்கு கை தூக்கறதும் நீங்கதான். அதனால கட்சி எதுன்னு பாக்காம 11 பேருக்கும் சேத்தே எழுதறேன்.

எங்கம்மா 1971 ஜனவரி வெள்ளத்தைப் பாத்தவங்க. புதுவருஷம் பொறந்த கையோட மழை விடாம பேஞ்சு ஊரே முங்கிருச்சாம், பொங்கலுக்குன்னு வாங்கி வச்ச அரிசி மூட்டை ஊறி முளை விட்டதை அம்மா சாகற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாங்க. அந்த வெள்ளத்துக்கு அப்புறம்தான் அரசாங்கம் முழிச்சுது, அதே வருஷம் டிசம்பர்ல நிரந்தர வெள்ளக் கட்டுப்பாட்டு ஆணையம் அமைச்சாங்க, 1972-ல இருந்து வெள்ளத் தடுப்பு வேலையை ஜேபிஎஸ், அதாவது வடிகால் நீர்ப்பாசன இலாகாகிட்ட கொடுத்தாங்க. அதுக்கு முன்னாடி 1926-லயும் பெரிய வெள்ளம் வந்திருக்கு. இந்த ஊர் பேரே ரெண்டு ஆறு சேர்ற சேத்து மூலைன்னுதானே அர்த்தம், கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் மஸ்ஜித் ஜாமெக் பக்கத்துல சேருது, தண்ணி வர்ற இடத்துலதான் நாம ஊரைக் கட்டியிருக்கோம். தண்ணி வரும்ங்கறது யாருக்கும் புதுசு இல்ல.

பெரிய வேலை எதுவும் நடக்கலன்னு சொன்னா அது பொய். கிள்ளான் கேட்ஸ் அணை இருக்கு, ‘பத்து’ங்கற எடத்துல ஒரு அணை இருக்கு. கோம்பாக் ஆத்துலயும் கெரோ ஆத்துலயும் வர்ற அதிகப்படி தண்ணியை அதே ‘பத்து’லயும் ஜிஞ்சாங்லயும் இருக்கற குளங்களுக்கு திருப்பி விடற திட்டம் இருக்கு. 2007-ல ஸ்மார்ட் டனல் திறந்தாங்க, 9.7 கிலோமீட்டர் நீளம், கிட்டத்தட்ட 2 பில்லியன் வெள்ளி (ரிங்கிட்) செலவு, சாதாரண நாள்ல நடுவுல 3 கிலோமீட்டருக்கு காடி போகும், பெரிய மழை வந்தா ரோட்டை மூடிட்டு தண்ணியை விடுவாங்க. அம்பாங் பக்கம் கிள்ளான் ஆத்துத் தண்ணியை இழுத்து, நகர மையத்தைத் தொடாம தாமான் டேசா குளத்துல கொண்டு போய் விடும். நல்ல வேலை அது, அதைக் கட்டின இஞ்சினியருங்களை நான் மனசார பாராட்டறேன், மையத்துல எத்தனையோ தடவை தண்ணி ஏறாம காப்பாத்தியிருக்கு.

ஆனா அந்த டனலுக்குள்ள போகணும்னா தண்ணி முதல்ல ஆத்துக்கு வந்து சேரணுமே. எங்க பின் சந்துல இருக்கற லோங்காங்ல இருந்து மெயின் லோங்காங், அதுல இருந்து ரோட்டுக்கு அடியில போற கல்வெர்ட், அப்புறம்தான் ஆறு. நடுவுல ஒரு கல்வெர்ட் பாதி அடைச்சிருந்தா போதும், ஆத்துல எவ்வளவு எடம் இருந்தாலும் எங்க தண்ணி எங்க வீட்டுலயேதான் நிக்கும். கோலாலம்பூர்ல இப்ப வர்ற திடீர் வெள்ளம் நெறைய இந்த மாதிரிதான், மதியம் மூணு மணிக்கு மேல ஒரு மணி நேரம் கொட்டும், ஆறு கரையைத் தாண்டியிருக்காது, ஆனா ரோடு முங்கியிருக்கும்.

போன வருஷம் எங்க சந்துல நாங்களே ஒரு ஞாயித்துக்கிழமை அந்த சிமெண்டு மூடியைத் தூக்கிப் பாத்தோம். நாலு பேரு, ரெண்டு கடப்பாரை. உள்ள நான் பாத்ததை அப்படியே சொல்றேன். மூணு அடி ஆழம் இருக்க வேண்டிய லோங்காங்ல ஒரு முழம்தான் காலி, மீதி எல்லாம் மண்ணு, அந்த மண்ணு மேல வெள்ளையா மெழுகு மாதிரி ஒரு பாளம், அது மேல் பக்கம் இருக்கற சாப்பாட்டுக் கடைங்க ஊத்தின எண்ணெய் உறைஞ்சது, கடப்பாரையில குத்தினா டொக்கு டொக்குன்னு சத்தம் கேக்குது. கொஞ்சம் தள்ளி லோங்காங்குக்கு குறுக்க மூணு பைப்பு போகுது, எந்தக் காலத்துல யார் போட்டதுன்னு தெரியல, அந்த பைப்புல பிளாஸ்டிக் பை, தேங்கா மட்டை, ஒரு சின்னப் பிள்ளை செருப்பு எல்லாம் சிக்கி ஒரு சுவரு மாதிரி ஆயிருச்சு. அடிப்பக்கம் சிமெண்டு வெடிச்சு ஓட்டை, அந்த ஓட்டைக்குள்ள தண்ணி கிறுகிறுன்னு எறங்கி எங்கயோ போகுது. அது எங்க போகுதுங்கற கேள்வி அன்னைக்கு ராத்திரி என்னைத் தூங்க விடல, ஏன்னா அந்த எடத்துக்கு நேர் மேலதான் மாக்சிக்கோட அடுப்படி சுவத்துல விரிசல் விட்டிருக்கு.

2024 ஆகஸ்ட் 23-ஐ யாரும் மறந்திருக்க மாட்டீங்க. மஸ்ஜித் இந்தியா ரோட்டுல காலையில நடந்து போயிட்டு இருந்த ஒரு அம்மா, இந்தியாவுல இருந்து வந்தவங்க, நடைபாதை பொளந்து 8 மீட்டர் பள்ளத்துக்குள்ள விழுந்துட்டாங்க. பொம்பாவும் (தீயணைப்புப் படை) போலீசும் ஒன்பது நாள் தேடியும் கிடைக்கல. சில நாள்ல கொஞ்ச தூரம் தள்ளி இன்னொரு பள்ளம் விழுந்துச்சு. தீபாவளிக்கு சேலை எடுக்க, கல்யாணத்துக்கு மாலை வாங்க நம்ம குடும்பம் எல்லாம் நடக்கற ரோடு அது. நானும் என் பொண்ணும் அதுக்கு முந்தின மாசம் அதே நடைபாதையில நின்னு கச்சான் வாங்கினோம். அந்தப் பள்ளத்துக்கு காரணம் இன்னதுன்னு தீர்ப்பு சொல்ல நான் ஆள் இல்ல, அதை தெரிஞ்சவங்க சொல்லட்டும். ஆனா பொதுவா ஒண்ணு எல்லா இஞ்சினியரும் சொல்றாங்க, பூமிக்கு அடியில பழைய பைப்பு, கல்வெர்ட் ஒழுகினா சுத்தி இருக்கற மண்ணைத் தண்ணி கொஞ்சம் கொஞ்சமா அரிச்சுட்டுப் போகும், மேல தார் ரோடு பாக்க நல்லாத்தான் இருக்கும், அடியில வெறும் காத்து. அப்படின்னா எங்க சந்துல நான் பாத்த அந்த ஓட்டை, அதை மாதிரி ஊரு பூரா எத்தனை ஓட்டை, எத்தனை பேரு நடக்கற எடத்துக்கு அடியில?

இதுல பழைய லோங்காங்கை மட்டும் குத்தம் சொல்லவும் முடியாது. அதைக் கட்டின காலத்துல வீட்டு முன்னாடி புல்லு, பின்னாடி மண்ணு, கொய்யா மரம். இன்னைக்கு எல்லாரும் காடி நிறுத்த சிமெண்டு போட்டுட்டோம், நானும்தான் போட்டேன். பக்கத்துல இருந்த காலி எடத்துல எல்லாம் கொண்டோ வந்திருச்சு. முன்ன மண்ணு குடிச்ச தண்ணி இப்ப அஞ்சு நிமிஷத்துல லோங்காங்குக்கு வந்துருது. 2001-ல இருந்து ஜேபிஎஸ்ஸோட மஸ்மா விதி இருக்கு, புதுசா கட்டறவங்க மழைத் தண்ணியை அங்கயே தேக்கி வச்சு மெதுவா விடணும்னு சொல்லுது, நல்ல விதிதான். ஆனா அதுக்கு முன்னாடி கட்டின பழைய தாமான் (குடியிருப்பு), ரயில்வே குவாட்டர்ஸ், கடை வரிசைங்களுக்கு அந்த விதி பின்னாடி திரும்பி வந்து எதையும் செய்யாது. அங்கதான் காசு போட்டு பெருசாக்கணும், இல்லன்னா வழியில தண்ணி தேக்க எடம் கண்டுபிடிக்கணும்.

இப்ப காசுக்கு வர்றேன், இதுதான் நான் சொல்ல வந்த விஷயமே.

2024 பட்ஜெட்ல நாடு முழுக்க 33 வெள்ளத் தடுப்புத் திட்டத்துக்கு 11.8 பில்லியன் வெள்ளின்னு அறிவிச்சாங்க. சந்தோஷமான விஷயம், 2021 டிசம்பர் 18 சனிக்கிழமை நடந்ததைப் பாத்தவங்க யாரும் இதை வேணாம்னு சொல்ல மாட்டாங்க. அன்னைக்கு ஒரு மாசம் பெய்ய வேண்டிய மழை ஒரே நாள்ல கொட்டுச்சு, ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவுல ஜனங்க கூரை மேல ஏறி உக்காந்து கத்தினாங்க, என் மச்சான் குடும்பம் ரெண்டு ராத்திரி மேல் மாடியில பிஸ்கட்டை வச்சு இருந்துச்சு. அந்த வருஷக் கடைசியும் அடுத்த ஜனவரியும் சேத்து நாட்டுக்கு 6.1 பில்லியன் வெள்ளி நஷ்டம்னு புள்ளிவிவர இலாகா சொல்லுச்சு. அதனால பெரிய திட்டம் வேணும்தான்.

ஆனா ஒய்.பி., பட்ஜெட் படிக்கறவங்க நீங்க, உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லல. புது அணை, புது குளம், புது பம்பு ஹவுஸ் எல்லாம் மேம்பாட்டுச் செலவுல வரும். கட்டி முடிச்சதுக்கு அப்புறம் மண்ணு வாரறது, பம்பு சர்வீஸ் பண்றது, வெடிச்ச கல்வெர்ட்டை மாத்தறது இதெல்லாம் நிர்வாகச் செலவுல வரும், அந்தப் பக்கத்துல சம்பளம், பென்சன், கடன் வட்டி எல்லாம் முதல்ல உக்காந்திருக்கும், அதுக்கு அப்புறம் மிச்சம் மீதிதான் லோங்காங்குக்கு. ஒரு வருஷம் பராமரிப்பைக் குறைச்சா அந்த வருஷம் யாருக்கும் தெரியாது. மண்ணு ரெண்டு விரக்கடை ஏறியிருக்கும், அவ்வளவுதான். பத்து வருஷம் கழிச்சு ஒரு மதியம் என் வீட்டு பாத்ரூம் ஓட்டை வழியா தெரியும். குளமும் அப்படித்தான், வெட்டும்போது இருந்த ஆழம் வருஷா வருஷம் சேறு ஏறிக் குறையும், மேப்புல குளம் அதே அளவுலதான் இருக்கும். இந்த மாதிரி வெள்ளம் தேக்கற குளத்து நிலம் மேம்பாட்டுக்கு கைமாறின விஷயத்தை உங்கள்ல சில பேரே நாடாளுமன்றத்துல எழுப்பினீங்க, அதுக்கு இந்த ஊர்க்காரனா நன்றி சொல்றேன், அதை பாதியில விட்றாதீங்க, மிச்சம் இருக்கற ஒவ்வொரு குளமும் கெஜட்ல ஏறணும்.

எனக்கு வேணும்னு நான் கேக்கறது, கோலாலம்பூரோட பழைய வடிகால் ரிப்பேருக்குன்னு ஒரு தனிக் கணக்கு, வேற எதுக்கும் அதுல கை வைக்கக் கூடாது, வருஷா வருஷம் எவ்வளவு வந்துச்சு எந்தத் தாமான்ல எவ்வளவு போச்சுன்னு எல்லாரும் பாக்கற மாதிரி போடணும். முதல் ரெண்டு வருஷக் காசு கேமராவுக்குப் போகட்டும், பைப்புக்குள்ள சின்ன வண்டியில கேமரா வச்சு ஓட்டறாங்களே, அதை வச்சு பூமிக்கு அடியில இருக்கற பழைய கல்வெர்ட் எல்லாத்தையும் பாத்து, எது எப்ப போட்டது, எது வெடிச்சிருக்கு, எதுக்குள்ள வேற பைப்பு குறுக்க போகுதுன்னு ஒரு மேப்பு. அது இல்லாம எங்க தோண்டறதுன்னே தெரியாது. கத்தற தாமானுக்கு முதல்ல, கத்தாத தாமானுக்கு கடைசியிலன்னு போயிட்டு இருக்கும், எங்க சந்து ஜனங்க கத்தத் தெரியாதவங்க.

நான் சும்மா உக்காந்துட்டு எழுதலங்க. அந்த மூடியைத் தூக்கின வாரமே போட்டோ எடுத்துக்கிட்டு போனேன். எந்த ஆபீஸ்னு இங்க சொல்லல, கவுண்டர்ல இருந்த பிள்ளைங்க மரியாதையாத்தான் பேசினாங்க. முதல் எடத்துல இது மெயின் லோங்காங், வேற இலாகாவைப் பாருங்கன்னாங்க. ரெண்டாவது எடத்துல ஆறு மட்டும்தான் எங்க கணக்குன்னாங்க. மூணாவது எடத்துல கூட்டிப் பெருக்கறது மட்டும்தான் ஒப்பந்தத்துல இருக்கு, உடைஞ்சதை ஒட்டறது இல்லன்னாங்க. அரை நாள் லீவு மூணு தடவை போட்டேன். கையில மூணு புகார் நம்பர் இருக்கு, மூணும் இன்னைக்கு வரைக்கும் பரிசீலனையில் இருக்குன்னே காட்டுது. அப்புறம் ஒரு நாள் பங்களாதேஷ் தம்பிங்க ரெண்டு பேரு வந்து, கையுறை கூட இல்லாம, மேல மிதந்ததை மட்டும் வாரிப் போட்டுட்டுப் போனாங்க, அவங்களுக்கு தண்ணி காப்பி கொடுத்து அனுப்பினோம், அவங்க மேல ஒரு தப்பும் இல்ல, வெறும் மண்வெட்டியை வச்சுக்கிட்டு அந்த எண்ணெய் பாளத்தை யாரால உடைக்க முடியும். ஒரு தண்ணி மூணு பேரு எல்லையைத் தாண்டிப் போகுதுன்னா அந்த மூணு பேரையும் ஒரே மேசையில உக்கார வைக்கற ஆளு நீங்கதான், கோம்பாக்கும் கிள்ளானும் மேல சிலாங்கூர்ல இருந்து வர்றதால சிலாங்கூர்க்காரங்களும் அந்த மேசையில இருக்கணும்.

இன்னொண்ணு சொன்னா என் சொந்த ஜனங்களே கோவிச்சுக்குவாங்க, இருந்தாலும் சொல்றேன். சுக்காய் பிந்து, அதாவது வீட்டு வரி. வருஷத்துக்கு ரெண்டு தடவை பில்லு வருது, பிப்ரவரி கடைசிக்குள்ள ஒண்ணு, ஆகஸ்ட் கடைசிக்குள்ள ஒண்ணு. 2013 கடைசியில அதை ஏத்தறோம்னு சொன்னப்ப ஊரே திரண்டு எதிர்ப்பு எழுதிக் கொடுத்துச்சு, நானும் வரிசையில நின்னு கொடுத்தேன். அன்னைக்கு நான் கோவப்பட்டது ஏத்தறாங்கன்னு மட்டும் இல்ல, ஏத்தற காசு எங்க போகும்னு யாரும் சொல்லலயேன்னுதான். இன்னைக்கு யாராவது வந்து, இந்தா உன் பில்லுல ஒரு வரி தனியா போட்டிருக்கு, மாசம் ரெண்டு மூணு வெள்ளி, இது உன் வட்டாரத்து லோங்காங்குக்கு மட்டும், அடுத்த பில்லோட எத்தனை மீட்டர் சுத்தம் பண்ணோம், எந்த கல்வெர்ட்டை மாத்தினோம்னு ஒரு துண்டு காகிதமும் வரும்னு சொன்னா, நான் கட்டறேன். என் சந்துல பத்து வீட்டுல கேட்டுப் பாத்தேன், எட்டு வீட்டுல சரின்னாங்க. மீதி ரெண்டு வீட்டுல இருக்கறது பென்சன்ல இருக்கற வயசானவங்க. அவங்களை மாதிரியே பிபிஆர்னு சொல்ற அரசாங்க மலிவு ஃப்ளாட்டுல இருக்கற குடும்பங்களும் இருக்கு, அவங்ககிட்ட வாங்கக் கூடாது, கொண்டோ கட்டி வித்தவங்க கிட்ட வாங்குங்க. போன தடவை வெள்ளத்துல என் வாஷிங் மெஷின் போச்சு, கிரைண்டர் போச்சு, அதுக்கு நான் கொடுத்த காசுல அந்த லோங்காங் வரியை இருபது வருஷம் கட்டியிருப்பேன்.

எங்க பங்கும் இருக்கு, அதை மறைக்கல. லோங்காங் மேல டைல்ஸ் ஒட்டி பூந்தொட்டி வச்சவங்க இருக்காங்க, அடுப்படியை இழுத்து லோங்காங்குக்கு மேல கட்டினவங்க இருக்காங்க, எண்ணெய்ப் பொறி வைக்காம சட்டியை அப்படியே கவுக்கற கடைங்க இருக்கு, அதுல நம்ம கடைங்களும் சேத்திதான். சட்டம் இருக்கு, அதைக் கையில எடுத்து அபராதம் போடுங்க, நாங்க சங்கடப்பட மாட்டோம். இங்க தாமான் சங்கத்துல பேசி முன்னாடி மூடியிருந்த நாலு வீட்டு லோங்காங்கை திறக்க வச்சிட்டோம், ஒருத்தர் இன்னும் என்கூட பேசறதில்ல, பரவால்ல.

அடுத்த பட்ஜெட் கூட்டத்துக்கு முன்னாடி நீங்க 11 பேரும் ஒரே ஒரு தடவை ஒண்ணா உக்காந்து இந்தத் தனிக் கணக்கைக் கேளுங்க. அதுக்கு முன்னாடி பாக்கணும்னா எங்க சந்துக்கு வாங்க. வெயில் நாள்ல வேணாம், மழை பேஞ்ச மறுநாள் காலையில வாங்க, உயரமான பூட்ஸ் போட்டுக்கிட்டு வாங்க. கடப்பாரை எங்ககிட்ட இருக்கு, மூடியை நாங்க தூக்கி வைக்கறோம், அந்த ஓட்டையில தண்ணி எறங்கற சத்தத்தை நீங்களே குனிஞ்சு கேளுங்க. மாக்சிக் காப்பி போட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்காங்க.

இப்படிக்கு,
செந்தூல்ல இருந்து ஒரு சுக்காய் பிந்து கட்டறவன்